தேர்வடம் மறுக்கப்பட்டவர்களின் திருநாள்: நாக்பூர் தம்மதீட்சை நாளை முன்வைத்து

ஆண்டுதோறும் விஜயதசமியை ஒட்டிய நாட்களில், நாக்பூர் தொடர்வண்டி நிலையத்திலிருந்து தீட்சாபூமிக்குச் செல்லும் சாலைகள் வெள்ளுடை அணிந்த மக்களால் நிறைகின்றன. விதர்ப்பா, மராத்வாடாப் பகுதிச் சிற்றூர்களிலிருந்தும், தெலங்கானா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட பிற மாநிலங்களிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாக அங்கு வந்து சேர்கின்றனர். பூசாரி மட்டுமே நுழையத்தக்க கருவறை அங்கு இல்லை. சாதி பார்த்துத் தரப்படும் முதல் மரியாதையும் இல்லை. 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு பௌத்தம் தழுவிய நிகழ்வை நினைவுகூரும் அந்நாளே தம்மசக்கர பரிவர்த்தன நாள்.

இந்நாளைப் பற்றி எழுதும் நாளேடுகள் பெரும்பாலும் கூட்டத்தின் அளவையும் மேடையில் பேசிய தலைவர்களின் பெயர்களையும் சொல்லி முடித்துக்கொள்கின்றன. நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா வேறு. படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரை ஏற்காத நெறிக்குத் திருநாள் எதற்கு? ஊர்த் திருவிழாவில் பங்கு கேட்டு அடிபட்ட மக்கள் தமக்கென ஒரு திருநாளை உண்டாக்கிக்கொண்டது ஏன்? அத்திருநாள் அவர்களுக்கு எதைத் தந்தது, எதை இன்னும் தராமல் இருக்கிறது? தமிழகத்துச் சேரிகளில் திருவிழா உரிமைக்கான வழக்குகள் இன்றும் தொடர்வதால், இவ்வினாக்கள் நமக்கும் உரியவை.

திருவிழா என்னும் சாதி வரைபடம்

ஊர்த் திருவிழா என்பது ஊரார் அனைவரும் கூடும் மகிழ்ச்சி நாள் என்று பாடநூல்கள் சொல்கின்றன. சேரியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேறாகத் தெரியும். தேர் எந்தத் தெருவுக்குள் வரும், எந்தத் தெருவின் முனையில் திரும்பிவிடும், வடத்தை யார் தொடலாம், பரிவட்டம் யாருக்கு, திருநீறு யாருக்கு முதலில், பறை அடிப்பவர் எங்கே நிற்கவேண்டும் என்பனவெல்லாம் முன்னரே வகுக்கப்பட்டவை. ஆண்டின் பிற நாட்களில் சொல்லாமலே கடைப்பிடிக்கப்படும் சாதி ஒழுங்கு, திருவிழா நாளில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகிறது.

இதில் தலித் மக்கள் முற்றிலும் விலக்கப்பட்டவர்கள் என்று சொல்வதும் முழு உண்மையாகாது. உழைப்புக்கு அவர்கள் அழைக்கப்பட்டனர்; உரிமைக்கு மட்டுமே விலக்கப்பட்டனர். மராட்டியச் சிற்றூர்கள் பலவற்றில் தசராவன்று நடக்கும் எருமைப் பலியில் மகார்களுக்குப் பணிகள் விதிக்கப்பட்டிருந்தன. தமிழகத்தில் கோயில் கொடைக்குப் பறையடிப்பது கூலியற்ற கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. மறுத்தால் ஊர்க்கட்டுப்பாடு, ஒப்பினால் இழிவு.

இராமநவமித் தேரும் நாசிக்கும்

அம்பேத்கரின் தலைமையில் 1930 மார்ச் 2 அன்று நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்கள் ஊர்வலமாகச் சென்றபோது கோயிற் கதவுகள் சாத்தப்பட்டன. அவ்வாண்டு இராமநவமி நெருங்கியபோது ஓர் உடன்பாடு எட்டப்பட்டது: இரு தரப்பிலிருந்தும் ஆட்கள் சேர்ந்து இராமனின் தேரை இழுப்பது என்று முடிவாயிற்று. ஆனால், தீண்டப்படாதோர் வடத்தில் கைவைக்கும் முன்பே சாதி இந்துக்கள் தேரை இழுத்துக்கொண்டு ஓடினர். பின்தொடர்ந்தவர்கள் மீது கல்மாரி பொழிந்தது.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோயிலின் கருவறையைக்கூட அன்று அவர்கள் கேட்கவில்லை. தெருவில் ஓடும் தேரின் கயிற்றைச் சிறிது நேரம் பிடித்திருக்கும் உரிமையைத்தான் கேட்டார்கள். அதற்கு எழுத்தளவில் ஒப்புக்கொண்டாலும் நடைமுறையில் விடமாட்டார்கள் என்பதை அந்த இராமநவமி காட்டியது. போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபர் 13 அன்று, அதே நாசிக் மாவட்டத்தின் இயோலாவில் நடந்த மாநாட்டில், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். அவ்வறிவிப்புக்கும் நாக்பூருக்கும் இடையே 21 ஆண்டுகள். ஒரு மக்கள் திரள் முழுவதும் குடிபெயரத்தக்க நெறி எது என்று அவர் ஆராய்ந்த காலம் அது.

1956: மக்களே சங்கமான நாள்

1956 அக்டோபர் 14 காலையில் குசிநகரின் முதுபெரும் பிக்கு சந்திரமணி மகாதேரரிடம் அம்பேத்கரும் அவருடைய துணைவியார் சவிதாவும் மும்மணச் சரணமும் ஐந்து ஒழுக்கங்களும் ஏற்றனர். அதுவரை நடந்தது மரபுவழிப்பட்ட சடங்கு. அடுத்து நடந்ததுதான் புதுமை. பிக்குவல்லாத அம்பேத்கர் தாமே எழுந்து நின்று, கூடியிருந்த மக்களுக்குச் சரணங்களையும் ஒழுக்கங்களையும் சொல்லிக்கொடுத்தார். தாம் வகுத்த 22 உறுதிமொழிகளையும் ஏற்கச் செய்தார். அன்று திரண்டிருந்தோர் 3,80,000 முதல் 5,00,000 வரை இருக்கலாம் என்பன மதிப்பீடுகள்.

இதன் பொருளை அம்பேத்கரின் சிந்தனையோடு சேர்த்தே புரிந்துகொள்ள முடியும். துறவிகள் சங்கத்தில் சேருவதற்குப் பழைய பௌத்தத்தில் முறையான சடங்கு இருந்தது. இல்லறத்தார் தம்மத்திற்குள் வருவதற்கென்று தனிச் சடங்கு இல்லை. அதனால் இல்லறத்தார் ஒரு காலும் உள்ளே, ஒரு காலும் வெளியே வைத்து நின்றனர். இது பெருங்குறை என்றும், இந்தியாவில் பௌத்தம் வீழ்ந்தமைக்கான காரணங்களுள் ஒன்று என்றும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் கருதுகிறார். நாக்பூரில் அவர் நிகழ்த்தியது அக்குறைக்கான தீர்வு. உழவரும் ஆலைத் தொழிலாளரும் துப்புரவுப் பணியாளரும் தம் வாயால், எல்லோர் முன்னிலையிலும், சேர்ந்து உறுதி ஏற்றனர். தனித்தனியே வீட்டுக்குள் மனம் மாறுவதாக அம்மதமாற்றம் அமைந்திருந்தால், ஊரின் மிரட்டலுக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தனித்து நின்றிருக்கும். கூட்டாக நிகழ்ந்தமையால், ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் சாட்சியாயினர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நாளும் கருதத்தக்கது. அன்று விஜயதசமி. கலிங்கப் போருக்குப் பின் அசோகர் படைவழி வெற்றியைக் கைவிட்டுத் தம்மவழி வெற்றியை மேற்கொண்ட நாள் என்று அம்பேத்கரியர்கள் அதனை 'அசோக விஜயதசமி' எனக் கொண்டாடுகின்றனர். 1925இல் இராஷ்டிரிய சுயம்சேவக் சங்கம் தொடங்கப்பட்டதும் அதே நகரில், அதே விஜயதசமி நாளில். அவ்வமைப்புக்கு எதிராகவே நாக்பூரைத் தேர்ந்தெடுத்தாரா என்ற பேச்சு எழுந்தபோது, மறுநாள் ஆற்றிய நெடிய உரையில் அம்பேத்கர் அதனை மறுத்தார். பௌத்தத்தைப் பரப்பிய நாகர்களின் நிலம் என்பதே காரணம் என்று விளக்கினார். இருப்பினும், இன்றளவும் ஒரே நாளில் ஒரே நகரில் இரண்டு திரள்கள் கூடுகின்றன. ஒன்றில் ஆயுதபூசை நடக்கிறது. மற்றொன்றில் கொல்லாமை உறுதிமொழி ஒலிக்கிறது.

விட்டவற்றின் இடத்தில் வந்தவை

22 உறுதிமொழிகளுள் பல, விடவேண்டியவற்றைப் பற்றியவை. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனையும் இராமன், கிருஷ்ணனையும் கௌரி, கணபதியையும் வணங்குவதில்லை, புத்தரை விஷ்ணுவின் அவதாரமென ஏற்பதில்லை, சிராத்தம் செய்வதில்லை, பார்ப்பனரைக் கொண்டு சடங்குகள் நடத்துவதில்லை. இவற்றை உண்மையாகக் கடைப்பிடிக்கும் குடும்பத்தின் ஆண்டு நாட்காட்டி ஒரே நாளில் வெறுமையாகிவிடும். பிள்ளைகள் அண்டை வீட்டுப் பட்டாசையும் பலகாரத்தையும் பார்த்து நிற்பார்கள். அவ்வெறுமையை நிரப்பாத எந்தக் கொள்கையும் இரண்டாம் தலைமுறையைத் தாண்டாது.

தீட்சை நடந்து எட்டு வாரங்கள் முடிவதற்குள், 1956 டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் மறைந்தார். வழிகாட்ட அவர் இல்லை, போதிய பிக்குகள் இல்லை, விகாரைகள் இல்லை. எனவே மக்களே தம் நாட்காட்டியை நிரப்பினர். ஏப்ரல் 14 அண்ணலின் பிறந்த நாள். வைகாசி முழுநிலவு புத்தரின் நாள். ஆடி முழுநிலவில் தொடங்கும் மூன்று மாத மழைக்காலத்தில் விகாரையில் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை நாள்தோறும் கூடி வாசிக்கின்றனர். அதன் முடிவையொட்டித் தீட்சை நாள். டிசம்பர் 6 மும்பை தாதர் சைத்தியபூமியில் அண்ணலுக்கு அஞ்சலி. டிசம்பர் 25 மனுநூல் எரிப்பு நாள். சனவரி 1 பீமா கோரேகாவ். பிறப்பு, மறைவு, தீட்சை, கலகம் என்று வரலாற்று நிகழ்வுகளே இங்குத் திருநாட்களாயின. முன்னோரின் போராட்டத்தை எழுதிவைக்க எவரும் முன்வராத மக்களுக்கு, நாட்காட்டியே வரலாற்று நூலாக அமைந்தது.

கொண்டாடும் முறையும் எளிது. வீட்டிலோ விகாரையிலோ புத்தர், அம்பேத்கர் படங்களின் முன் மெழுகுத்திரியும் ஊதுபத்தியும் ஏற்றி, மலர் வைத்து, சரணமும் ஐந்து ஒழுக்கங்களும் கூடி ஓதுகின்றனர். பால் பாயசம் பகிர்கின்றனர். இதனை நடத்திவைக்கப் பிறப்பால் வந்த தகுதி எதுவும் வேண்டியதில்லை. ஓதத் தெரிந்த எந்தப் பெண்ணும் எந்த இளைஞரும் முன்னின்று நடத்தலாம். தீட்சாபூமியிலோ தன்னார்வலர்கள் வந்தோர்க்கு உணவும் குடிநீரும் வழங்குகின்றனர். நாக்பூர்க் குடும்பங்கள் முன்பின் அறியாதவர்களுக்கும் இடமளிக்கின்றன. மகாடு குளத்தில் நீர் அருந்தியதற்காக 1927இல் அடிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேளாமல் நீர் ஊற்றுவதை அங்குக் காணலாம்.

அத்திடலில் நம்மை நிற்க வைப்பவை புத்தகக் கடைகள். அம்பேத்கரின் எழுத்துத் தொகுதிகள், புலே, பௌத்த நூல்கள், சிறு வெளியீடுகள் ஆகியவற்றை மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்கின்றனர். எழுத்து மறுக்கப்பட்ட சமூகத்தின் திருநாளில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பிரசாதமாகப் புத்தகமே விளங்குகிறது.

அயோத்திதாசரின் வழி

இத்தேடலில் தமிழர் முந்தியவர்கள். நாக்பூருக்கு 58 ஆண்டுகளுக்கு முன், 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களிலெல்லாம் அதன் கிளைகள் தோன்றின. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அக்கிளைகளை இணைத்தது. அதே ஆண்டில் பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' ஆங்கில நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கரே.

திருநாள் குறித்து அயோத்திதாசர் எடுத்த வழி வேறுபட்டது. மக்கள் கொண்டாடிவந்த பண்டிகைகளை விடச் சொல்வதற்கு மாறாக, அவற்றின் பொருளை மாற்றிப் படித்தார். தீபாவளி எள் நெய்யின் பயன் கண்டறியப்பட்டதைக் கொண்டாடிய நாள் என்றும், கார்த்திகை ஆமணக்கு நெய்யின் பயன் கண்டதைக் கொண்டாடிய நாள் என்றும் விளக்கினார். ஐம்பொறிகளை வென்ற இந்திரர் புத்தரே. எனவே இந்திர விழா புத்தரின் விழா என்றார். பண்டிகைகளின் மூலத்தில் கொலைக்கதை இல்லை, மக்களுக்குப் பயன்பட்ட அறிவே இருந்தது என்பது அவர் வாதம்.

அயோத்திதாசர் பழைய நாளுக்குப் புதிய பொருள் தந்தார். அம்பேத்கர் பழைய வழிபாட்டிலிருந்து வெளியேறிப் புதிய நாளைத் தந்தார் என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துவோர் உண்டு. விஜயதசமியை அசோகரின் நாளாக ஏற்ற நாக்பூர், அயோத்திதாசரின் முறையையும் தன்னுள் கொண்டிருக்கிறது என்பதே நம் கருத்து. இருவரும் ஒன்றை உணர்ந்திருந்தனர்: பண்டிகையின் கதையை யார் சொல்கிறார்களோ அவர்களே மக்களின் நினைவையும் ஆள்கின்றனர்.

திருநாளுக்குக் கொடுத்த விலை

வெளிப்படையாகப் பௌத்தராகக் கூடி நின்றதற்கு அம்மக்கள் விலை கொடுத்தனர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தர் சேர்க்கப்பட்டது 1990இல்தான். இடைப்பட்ட 34 ஆண்டுகள், மராட்டிய மாநிலம் தன் அளவில் சலுகைகள் வழங்கியபோதும், ஒன்றிய அரசின் பார்வையில் பௌத்தராகப் பதிவு செய்துகொள்வது பட்டியல் சாதிச் சான்றிதழை இழப்பதாகும். வீட்டில் தீட்சை, பதிவேட்டில் இந்து என்று இரட்டை வாழ்க்கை வாழவேண்டிய கட்டாயம் பலருக்கு நேர்ந்தது. தலித் கிறித்தவர்களும் தலித் முசுலிம்களும் இன்றும் அந்நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளனர். கிறித்துமசும் ரம்சானும் கொண்டாடுவோர் என்பதற்காக, அவர்கள் மீதான தீண்டாமை இல்லாமற் போய்விட்டதாக அரசு கொள்கிறது.

புத்தர் ஞானம் பெற்ற புத்தகயையிலும் உரிமை முழுமையாகவில்லை. 1949ஆம் ஆண்டின் புத்தகயைக் கோயில் சட்டப்படி, மகாபோதி விகாரையின் நிர்வாகக் குழுவில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர். மாவட்ட ஆட்சியர் தலைவர். அச்சட்டத்தை நீக்கக் கோரி 2025 பிப்ரவரியில் பிக்குகள் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினர். திருநாளை ஒன்றுகூடிக் கொண்டாடுவதும் திருத்தலத்தை நிர்வகிப்பதும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள் என்பதை அப்போராட்டம் நினைவூட்டுகிறது.

நிறைவேறாதவை

போற்றுவதோடு நிறுத்திக்கொண்டால் அண்ணலின் வழியில் நடந்தவர்களாக மாட்டோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பௌத்தர் சுமார் 84 இலட்சம். அவர்களுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் மராட்டியத்தில் வாழ்பவர்கள். அங்கும் பெரும்பான்மையினர் மகார் சமூகத்தவர். மாங், சாமர் உள்ளிட்ட பிற தலித் சமூகங்களைத் தீட்சாபூமி போதிய அளவு ஈர்க்கவில்லை. ஒரு சாதியின் திருநாளாகச் சுருங்கினால், சாதி ஒழிப்பின் திருநாள் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. தமிழ்நாட்டிலோ அக்கணக்கெடுப்பில் பௌத்தராகப் பதிந்தவர்கள் சுமார் 11,000 பேர் மட்டுமே. நீலக்கொடி பறக்கும் சேரிகள் எத்தனையோ. ஐந்து ஒழுக்கங்கள் ஓதும் வீடுகள் மிகச் சில.

வடிவத்திலும் கவனம் வேண்டும். ஒலிபெருக்கி அதிர்வும் பேனர்களும் தேர்தல் மேடையும் வாசிப்பின் இடத்தை எடுத்துக்கொண்டால், விட்டுவந்த திருவிழாவையே வேறு வண்ணத்தில் நடத்துவதாக முடியும். பாயசம் காய்ச்சும் பெண்கள் மேடையில் பேசுவோராகவும் கணக்குக் கேட்போராகவும் இருக்கின்றனரா என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா.

வடமும் வேண்டும், நாளும் வேண்டும்

தமக்கென்று தனித் திருநாள் கண்டவர்கள் ஊர்த் தேரில் ஏன் உரிமை கேட்க வேண்டும் என்று சிலர் வினவுகின்றனர். இது தந்திரமான கேள்வி. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காகத் தலித் மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அத்தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. எல்லோரும் இழுப்பதைவிடத் தேர் ஓடாமலிருப்பதே மேல் என்று கருதும் ஊரில், வடம் பிடிப்பது பக்தி சார்ந்த வினாவாக மட்டும் இருப்பதில்லை. பொதுவெளி யாருக்குரியது என்ற குடியுரிமை வினாவாகவும் இருக்கிறது. அரசமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்துள்ளது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சமய ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் பங்கேற்பதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாகத் தெளிவாகச் சொல்கிறது. அத்தேரின் இறைவனை நம்பாத தலித்துக்கும் அவ்வுரிமை உண்டு. உரிமையைப் பெறுவதும், பெற்றபின் அதனைப் பயன்படுத்துவதா விடுவதா என்று முடிவு செய்வதும் அவருடையவை.

ஆனால், வடத்துக்காகப் போராடும் காலத்தில் மக்கள் கூடி மகிழவும், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கவும், சோறும் நூலும் பகிரவும் ஒரு நாள் வேண்டும். அந்நாளைத் தருவதற்கு மற்றவர்களின் இசைவு தேவையில்லை என்பதையே நாக்பூர் மெய்ப்பித்தது. வரும் தீட்சை நாளில் நாக்பூர் செல்ல இயலாதோர் தம் தெருவிலேயே தொடங்கலாம். அண்ணலின் 22 உறுதிமொழிகளையும் அயோத்திதாசரின் ஒரு கட்டுரையையும் எல்லோரும் கேட்கப் படிப்போம். அருந்ததியர் தெருவும் பறையர் தெருவும் பள்ளர் தெருவும் ஒரே பந்தியில் அமரட்டும். சமைத்தவர்களும் அமர்ந்து உண்ணட்டும். சமயம் எதுவாயினும் சாதியைக் கைவிட்ட எவருக்கும் அப்பந்தியில் இடம் இருக்கட்டும்.